‘செய்மதித் திசைகாட்டி’ என்றால் போதுமா?

கப்பலின் மூக்கு எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதை ஜிபிஎஸ் போன்ற செய்மதிகளை வைத்துச் சொல்லும் கருவிக்குச் ‘செய்மதித் திசைகாட்டி’ என்று எழுதிவிட்டுப் போய்விடலாம், யாருக்கும் புரியாமல் போகாது. ஆனாலும் எனக்கு அது ஒட்டவில்லை. முதலில் பெயர் வைக்க வேண்டியது அது அளக்கிற திசைக்கு.

நங்கூரமிட்ட கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒற்றை ஆன்டெனா உள்ள சாதாரண ஜிபிஎஸ் திரையில் போகும் திசை 040 பாகை என்று வரும், கொஞ்ச நேரத்தில் 215, அப்புறம் 310. கப்பல் திரும்பவே இல்லை. நகராத பொருளுக்குப் போகும் திசை ஏது? இடக்கணிப்பில் வரும் சின்னச் சின்னப் பிழைகளையே கருவி நகர்வு என்று எண்ணிக்கொள்கிறது. ஓடும்போதும் இதே சிக்கல்தான், நீரோட்டம் பக்கவாட்டில் தள்ளினால் மூக்கு நேர் வடக்கே இருக்க, கப்பல் வடக்கிலிருந்து பத்துப் பாகை கிழக்கே ஒதுங்கிப் போய்க்கொண்டிருக்கும். இரண்டையும் நாம் ‘திசை’ என்றே எழுதிவருகிறோம்.

கப்பலின் முன்பகுதிக்கு அணியம் என்ற சொல் அகராதியிலேயே இருக்கிறது. ஆகவே மூக்கு பார்க்கும் திசை அணியத்திசை, நகரும் திசை செல்திசை. ‘அணியமாக இரு’ என்றால் ஆயத்தமாக இரு என்றுதானே பொருள் என்று கேட்பீர்கள். சரி, ஆனால் கப்பல் பேச்சில் வரும்போது யாரும் அப்படிப் படிக்க மாட்டார்கள்.

இனி கருவி. காந்த ஊசியும், வேகமாகச் சுழலும் சக்கரத்தை வைத்து இயங்கும் சுழல் திசைகாட்டியும் வடக்கைத் தேடிப் பிடிக்கின்றன, அதிலிருந்து நாம் கோணத்தைப் படிக்கிறோம். நம் செய்மதிக் கருவி வடக்கைத் தேடுவதே இல்லை. அரை மீட்டர் இடைவெளியில் இரண்டு ஆன்டெனாக்கள், செய்மதியின் அலை இரண்டையும் எந்தக் கட்டத்தில், அதாவது முகட்டிலா பள்ளத்திலா இடையிலா, வந்து தொடுகிறது என்ற வேறுபாட்டை அளந்து, அவற்றை இணைக்கும் கோடு பூமியின் மேல் எப்படிக் கிடக்கிறது என்று கணக்கிடுகிறது. அலைநீளம் சுமார் 19 சென்டிமீட்டர், அதற்குள் மில்லிமீட்டர் கணக்கில் அளந்தாக வேண்டும், ஏனென்றால் 5 மில்லிமீட்டர் தவறினாலே அரைப் பாகை போய்விடும். இடைவெளியை 2 மீட்டராக்கினால் அதே தவறு கால்வாசியாகும். பொருத்துபவர் ஆன்டெனாப் பெட்டியை அணியத்துக்கு நேராக வைக்காமல் 3 பாகை கோணலாக முடுக்கி, அதைத் திருத்தாமலும் விட்டால், அந்த 3 பாகை பயணம் முழுக்க கூடவே வரும். வடக்கைக் காட்டும் வேலை இல்லை என்பதால் ‘செய்மதி அணியங்காட்டி’ என்கிறேன்.

செய்மதி வேண்டாம், செயற்கைக்கோள்தான் வேண்டும் என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை, சொல் நீளும், அவ்வளவுதான். ‘கோள்காட்டி’ என்று மட்டும் சுருக்கிவிடாதீர்கள், யாரோ கோள்மூட்டுவது போலிருக்கும்.

ஒன்று மட்டும் இடிக்கிறது. ஒரே கோட்டில் இல்லாத மூன்றாவது ஆன்டெனாவைச் சேர்த்தால் முன்பின் சாய்வும் பக்கச் சாய்வும் கிடைத்துவிடும், அப்போது அணியங்காட்டி என்ற பெயர் சிறியதாகிவிடும். அணியத்திசை, இந்த இரண்டு சாய்வுகள் ஆகிய மூன்றையும் சேர்த்துச் சொல்ல, கப்பல் நீரில் அமர்ந்திருக்கும் விதம் என்ற பொருளில் ‘அமர்நிலை’ என்று வைத்துப் பார்த்தேன். கப்பலுக்குச் சரி, விமானத்துக்கும் இதே சொல் வேண்டுமே, அது எதன்மேல் அமர்ந்திருக்கிறது?