தினமும் காலையில் 2012-க்குத் திரும்பிவிடும் கணினிக் கடிகாரம்

மாங்கன்றுப் பண்ணை, சந்தூர்:
அனைவருக்கும் வணக்கம். போச்சம்பள்ளிக்கு அருகே சந்தூரில் மாங்கன்றுப் பண்ணை வைத்திருக்கிறோம். பில் போடப் பயன்படுத்தும் விண்டோஸ் 10 டெஸ்க்டாப்பைக் காலையில் திறந்தால், ஒரு மாதமாகத் தேதி 2012 ஜனவரி 1 என்றே காட்டுகிறது. பிரௌசரில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பு எச்சரிக்கை வருகிறது. சென்ற வாரம் கவனிக்காமல் போட்ட ஒன்பது பில்கள் அந்தப் பழைய தேதியிலேயே பதிவாகிவிட்டன. பழுது பார்ப்பவர் ஒருவர் வைரஸ் என்று சொல்லி விண்டோஸை மறுபடி நிறுவித் தந்தார். மறுநாளே மீண்டும் அதே தொல்லை. இடி, மின்னலுக்குப் பயந்து இரவில் சுவர் சுவிட்சை அணைத்துவிடுவது எங்கள் வழக்கம். இதற்கு என்ன வழி?

தகடூரான், தருமபுரி:
ஐயா, நீங்கள் கடைசியாகச் சொன்ன சுவிட்ச் விஷயத்தில்தான் விடை இருக்கிறது. சுவர் சுவிட்ச் போட்டிருக்கும் வரை, கணினி அணைந்திருந்தாலும் மதர்போர்டில் உள்ள கடிகாரத்துக்குச் சிறிது மின்சாரம் கிடைத்துக்கொண்டிருக்கும். சுவிட்சை அணைத்த பிறகு அதை ஓட்டுவது சி.ஆர். 2032 என்ற 3 வோல்ட் பட்டன் பேட்டரி மட்டுமே. அது தீர்ந்துவிட்டதால்தான் கடிகாரம் தொடக்கத் தேதிக்குப் போய்விடுகிறது. பாதுகாப்பான தளங்களின் அடையாளத்தை உறுதிசெய்யும் சான்றிதழ் ஒவ்வொன்றுக்கும் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு என்பதால், 2012-இல் நிற்கும் கணினிக்கு அவை எல்லாமே இன்னும் வழங்கப்படாத சான்றிதழ்களாகத் தெரிகின்றன. இணையம் வந்ததும் விண்டோஸ் தானே திருத்திக்கொள்ளாதா என்று தோன்றும். அலுவலக வலையமைப்பில் சேராத தனிக் கணினிகளில் வேறுபாடு 15 மணி நேரத்தைத் தாண்டினால் அது இயல்பாகத் திருத்தாது. விண்டோஸை எத்தனை முறை நிறுவினாலும் பேட்டரிக்கு உயிர் வராது. வீணாகச் செலவு வைத்துவிட்டார்களே என்று வருத்தமாக இருக்கிறது.

பாலக்கோட்டுக்காரன்:
மேலே அண்ணன் சொன்னது சரி. கடிகாரம் எவ்வளவு தவறுகிறது என்பதைப் பார்த்தே காரணத்தைப் பிரித்துவிடலாம். சரியாக ஐந்தரை மணி நேரம் மாறினால் பேட்டரி மீது குற்றம் இல்லை. லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளத்தையும் விண்டோஸையும் ஒரே கணினியில் வைத்திருப்பவர்களுக்கு, ஒன்று உலகப் பொது நேரத்தையும் மற்றொன்று இந்திய நேரத்தையும் கடிகாரத்தில் எழுதுவதால் அப்படி ஆகும். உங்களுடையது அதுவன்று. பேட்டரியைக் கழற்றும் முன் பயாஸ் (விண்டோஸ் திறக்கும் முன் வரும் அடிப்படை அமைப்பு) திரைகளைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அமைப்புகள் அழிந்து சாட்டா முறை (ஹார்ட் டிஸ்க்குடன் கணினி தொடர்புகொள்ளும் முறை) மாறிவிட்டால் விண்டோஸ் திறக்காமல் போகக்கூடும்.

மாங்கன்றுப் பண்ணை, சந்தூர்:
இருவருக்கும் நன்றி. மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு மூடியைத் திறந்தேன். செம்மண் தூசியைத் துடைத்து, ஓரத்துக் கொக்கியைத் தள்ளியதும் பேட்டரி எழும்பி வந்தது, மீட்டரில் 2.1 வோல்ட்தான் காட்டியது. கூட்டல் குறி மேலே இருக்கும்படி புதியதைப் பொருத்தினேன். முதல் முறை திறந்தபோது எஃப்1 அழுத்தச் சொன்னது. படத்தைப் பார்த்து சாட்டா முறையையும் தேதியையும் சரிசெய்தேன். மூன்று இரவுகள் சுவிட்சை அணைத்துப் பார்த்துவிட்டேன், நேரம் நிமிடம் தவறவில்லை. அந்த ஒன்பது பில்களைத் திருத்துவது பற்றிக் கணக்காளரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்.