எம்.சி. ரோடு துணி சாயம் போகுமா?

பழைய வண்ணை:
"எம்.சி. ரோடுதான் வட சென்னையோட தி.நகர், ஆனா துணி மூணு தண்ணிலயே சாயம் போயிடும்"னு மாம்பலத்தான் நேத்து எழுதிட்டுப் போயிட்டார். படிச்சதுலேர்ந்து வயிறு எரியுது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் கப்பல்ல ஏத்துற துணிய வெளுத்துக் குடுத்தவங்க குடியிருந்த வண்ணாரப்பேட்டை சார் இது, எங்களுக்கு நீங்க சாயம் பத்தி சொல்றீங்களா? எங்கம்மா முந்தானை முனைய நனைச்சு வெள்ளை கர்ச்சீப்ல அழுத்தித் தேய்ப்பாங்க, கர்ச்சீப்ல கறை ஒட்டலன்னாதான் பேரமே ஆரம்பிக்கும். கடைக்காரரும் முகம் சுளிக்காம துணிய வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டாந்து விரிச்சுக் காட்டுவாரு. உங்க ஏசி கடைல அப்படி நனைக்க விடுவாங்களா?

மாம்பலத்தான்:
கதை நல்லாருக்கு. நான் தங்கச்சிக்கு அங்க எடுத்த மெரூன் சுடிதார் பக்கெட்ல இருந்த எல்லா வெள்ளை சட்டையையும் ரோஸ் ஆக்கிடுச்சு. சாயம் போகும்.

பெரம்பூர்க்காரி:
மெரூன எவனாச்சும் வெள்ளையோட ஊற வைப்பானா அண்ணே? முதல் தண்ணி கல்லுப்பு போட்டு தனியா அலசணும். பொங்கல் தீபாவளிக்கு பாவாடை, நைட்டி, பிளவுஸ் பிட்டு எல்லாம் அங்கதான் எடுக்கறோம், ஒண்ணும் போகல.

கல்மண்டபத்தான்:
போகற துணியும் இருக்கு, போகாததும் இருக்கு. அத விடுங்க, நம்ம ஏரியான்னா முதல்ல பர்மா பஜார்தான். 1969ல பர்மாலேர்ந்து வந்தவங்க பொழப்புக்குன்னு ஆரம்பிச்சது. துணிக்காக யாரு இவ்ளோ சண்டை போடுவாங்க, பீச் ஸ்டேஷன் எதிர்ல ஒரு அத்தோ (அதான் பர்மா நூடுல்ஸ்), வாழைத்தண்டு சூப்பு, வெங்காயம் அடைச்ச முட்டை, இதுக்கு ஈடு எது?

பழைய வண்ணை:
கல்மண்டபம், நடுவுல பூராதீங்க, உங்க பர்மா பஜார் இருக்கற பாரிஸ் கார்னர வட சென்னைல சேக்கறதே எனக்கு ஒப்பாது. மாம்பலத்தான் சார், 1950கள் கடைசில மெட்ராஸ் செக் துணி அமெரிக்கா போச்சே, துவைச்சா சாயம் போகும், அதான் அழகுன்னு விளம்பரம் பண்ணியே வித்தாங்க. அங்க போனா அழகு, எங்க தெருவுல போனா மட்டும் கேவலமா?

மாம்பலத்தான்:
அப்ப போகும்னு ஒத்துக்கிட்டீங்க.

பழைய வண்ணை:
எங்க ஒத்துக்கிட்டேன்? திரும்பப் படிங்க. அது கைத்தறி செக், அதோட சாயம் அப்படி. நான் சொல்றது எம்.சி. ரோட்ல பாத்து எடுத்தா போகாதுன்னு. தி.நகருக்கே பேர் குடுத்த பிட்டி தியாகராயர் பேர்ல 1950லேர்ந்து காலேஜ் நிக்கறது எங்க பேட்டைல. 2021ல மெட்ரோ வந்தப்போ ஸ்டேஷனுக்கும் அந்தப் பேருதான். உங்களுக்கு நாங்க என்னத்துக்கு டூப்பு? ஜி.ஏ. ரோட்லேர்ந்து உள்ள வரும்போதே தள்ளுவண்டிக்காரன் கத்துறது, மேல தொங்கற பாப்பா கவுனு தலைல உரசறது, ஆட்டோ ஹாரன், பின்னாடி நிக்கற அக்கா இடிச்சிட்டு "கொஞ்சம் நகரு கண்ணு"ன்றது, இதெல்லாம் சேர்ந்ததுதான் எங்க தெரு. துணி எடுத்துட்டு அகஸ்தியா தியேட்டர்ல ஒரு படம் பாத்துட்டு நடந்தே வீட்டுக்கு வருவோம். 2020ல அதையும் மூடிட்டாங்க, அந்த வயித்தெரிச்சல் இன்னும் ஆறல.

கல்மண்டபத்தான்:
பாரிஸ் வட சென்னை இல்லையா? ராயபுரத்துக்காரன் கிட்ட வந்து சொல்லுங்க இத.

பெரம்பூர்க்காரி:
அத்தோன்னா வியாசர்பாடி பக்கம் வந்து சாப்பிடுங்க, பீச் ஸ்டேஷன்லயே நின்னுட்டு பேசாதீங்க.

கல்மண்டபத்தான்:
அக்கா, சண்டை இழுக்காதீங்க. பீச் ஸ்டேஷன் அத்தோதான் அத்தோ.

மாம்பலத்தான்:
அகஸ்தியா, அத்தோ எல்லாம் சரி. என் சட்டை இன்னும் ரோஸாதான் இருக்கு.

பழைய வண்ணை:
எந்தக் கடை, என்ன துணி, நனைச்சுப் பாத்து எடுத்தீங்களா, அத மொதல்ல சொல்லுங்க. அவசரத்துல அள்ளிட்டுப் போய்ட்டு தெருவையே திட்டினா எப்படி?

மாம்பலத்தான்:
துணி எடுக்கப் போறவன் தண்ணி பாட்டிலோட போகணுமா?

பழைய வண்ணை:
ஆமா, எங்கம்மா போனாங்க.