பகலிலும் இளஞ்சிவப்பாகத் தெரியும் கேமரா: வடிகட்டியை மட்டும் மாற்றலாமா?

வணக்கம். வாசலில் மாட்டியிருக்கும் கண்காணிப்பு கேமராவில் பகல் காட்சிகள் எல்லாம் இளஞ்சிவப்பாகத் தெரிகின்றன. இலைகள் வெளிறிக் கிடக்கின்றன. கறுப்புச் சட்டை அணிந்தவர் கத்தரிப்பூ நிறச் சட்டையில் வருவதாகப் பதிவாகிறது. இதை நம்பி ஓர் ஆளை எப்படியும் அடையாளம் சொல்ல முடியாது. இரவில் கறுப்பு வெள்ளைப் படம் மட்டும் பளிச்சென்று இருக்கிறது.

4 மெகாபிக்சல் புல்லட் வகை, 850 நானோமீட்டர் அகச்சிவப்பு எல்இடி, நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரம். உத்தரவாதம் முடிந்துவிட்டது. போன மாதம்வரை நிறம் சரியாக இருந்தது. கூரைக்கு அடியில், நேர் வெயில் படாத இடம்.

ரீசெட், ஃபர்ம்வேர் புதுப்பிப்பு, வெள்ளைச் சமநிலை மாற்றம் எல்லாம் செய்து பார்த்தாயிற்று. இரவு முறையிலிருந்து பகல் முறைக்கு மாற்றும்போது முன்பெல்லாம் உள்ளே ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். இப்போது காதை ஒட்டி வைத்தாலும் கேட்பதில்லை. அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி பகலில் சென்சாருக்கு முன்னால் வந்து நிற்கவில்லை என்றே நினைக்கிறேன். இலைகள் அகச்சிவப்பை அதிகம் எதிரொளிப்பவை என்பதால் அவை வெளிறுவதும் அதற்குப் பொருந்துகிறது.

இந்த வடிகட்டியை மட்டும் தனியாக வாங்கி மாற்ற முடியுமா, அல்லது லென்ஸ் தாங்கியோடு சேர்த்துத்தான் மாற்ற வேண்டுமா?