கைவேலையைத் தொட்டுப் பார்க்க விடலாமா?

மயிலை வாசகி:
சென்னையில் எந்தக் கைவினைக் கண்காட்சிக்குப் போனாலும் முதலில் கண்ணில் படுவது "தொடாதீர்கள்" என்ற அட்டைதான். இது சரியில்லை என்பது என் கட்சி. காஞ்சிபுரம் கோர்வைப் புடவையின் அருமை புரட்டிப் பார்த்தால்தான் தெரியும். உடல் ஒரு நிறம், இரு கரையும் வேறு நிறம் என்றால் குறுக்கு இழையைச் சுமந்து ஓடும் நாடா மூன்று வேண்டும். ஒவ்வொரு ஊடையிலும் (குறுக்கு இழையிலும்) உடலின் இழையையும் கரையின் இழையையும் கையால் கோத்து இறுக்குகிறார்கள். பின்புறம் அந்தச் சேர்க்கையைத் தடவினால் மெல்லிய வரம்பு விரலில் தட்டுப்படும். ஒரே நாடாவில் நெய்தால் உடல் நிறம் கரைக்குள்ளும் ஓடி, கரை நிறத்தைக் கலங்கடித்துவிடும். கண்ணாடிக்கு வெளியே நின்றால் இந்த வித்தியாசம் யாருக்குப் புரியும்?

காகிதப்பித்தன்:
புரிய வேண்டும் என்பதற்காக அழிக்கலாமா மேடம்? நம்மூர் ஈரக்காற்றில் வியர்க்காத கை ஏது? ஜரிகையில் இருப்பது வெள்ளி. வியர்வை பட்டால் கறுக்கும். பட்டும் காகிதமும் வெளிச்சத்தையே தாங்காது என்றுதான் அருங்காட்சியகங்கள் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்கு விளக்கைக் குறைத்து வைக்கின்றன. ஆளுக்கு ஒரு தடவல் என்று விட்டால், அடுத்த தலைமுறை எதைப் பார்க்கும்?

அப்புறம், காகிதத்தைத் தொடாமலே ரசிக்கலாம். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் 1959 முதல் கையால் செய்யும் பருத்திக் காகிதத்தில் ஒரு தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். கூழ் ஓரிடத்தில் திரண்டும் ஓரிடத்தில் மெலிந்தும் படிந்திருப்பது தெரியும். வெட்டாத நான்கு ஓரமும் பிசிறு பிசிறாக நிற்கும். கண்ணே போதும்.

தறிவீட்டுப் பிள்ளை:
நீங்கள் இரண்டு பேரும் பழம்பொருளையும் புதுச்சரக்கையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறீர்கள். நூறு வருடப் புடவை பேழைக்குள் இருக்கட்டும், யாரும் மறுக்கவில்லை. நேற்று தறியிலிருந்து இறங்கியது உடுத்துவதற்கு. அதையும் கண்ணாடிக்குள் வைத்துப் "பாரம்பரியம்" என்று எழுதிவிட்டால், வாங்க வேண்டியவர் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார். எங்கள் வீட்டில் அப்பா ஒரு பக்கம், கரை நாடா தள்ள அம்மா மறுபக்கம். இரண்டு பேர் உழைப்பு அது. புகழ்ந்துவிட்டு, "விசைத்தறியில் பாதி விலைக்குக் கிடைக்குதே" என்று பேரம் பேசுகிறவர்களை நிறையப் பார்த்தாயிற்று. தொட்டுப் பார்த்தவர் அப்படிப் பேசுவது குறைவு.

காகிதப்பித்தன்:
விலை விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். ஆனால் புதியதுதானே நாளைக்குப் பழையது? ஒரு மாதிரித் துண்டை வெளியே வைத்துத் தொட விடலாம், முழுப் பொருள் உள்ளே இருக்கட்டும்.

மயிலை வாசகி:
உள்ளங்கை அகலத் துண்டில் புடவையின் கனம் எப்படித் தெரியும்? முந்தானைக்கு வேறு நிறப் பாவு நூலை, அதாவது நெடுக்கு இழைகளை, பிணைத்த இடம் எப்படித் தெரியும்? நீலகிரி தோடர்களின் பூத்தையலை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்பும், வரைந்துகொள்ளாமல் இழை எண்ணியே போடுகிறார்கள். அதன் இரு பக்கமும் பார்க்கத் தகுந்தது. சுவரில் மாட்டினால் பாதி வேலை சுவருக்குத்தான்.

திருவான்மியூர்க்காரன்:
துண்டுக்குச் சண்டை போடுவதைவிட, செய்கிற இடத்துக்குப் போகலாமே. கலாக்ஷேத்ராவின் கைவினை மையத்தில் தறியும் உண்டு, துணியில் கையால் படம் வரையும் கலம்காரியும் உண்டு. கடுக்காயும் பாலும் ஊறிய துணிக்கு ஒரு வாடை உண்டு. இரும்பும் வெல்லமும் புளிக்க வைத்த மையை, மூங்கில் குச்சியில் சுற்றிய துணியை விரலால் அழுத்தி இறக்குகிறார்கள். அழுத்தம் கூடினால் கோடு தடிக்கிறது, தளர்ந்தால் மெலிகிறது. அதை நேரில் பார்த்தவர் பொருளைத் தானாகவே பதமாகக் கையாளுவார்.

காகிதப்பித்தன்:
சரி, அங்கே போய்ப் பார்க்கட்டும். கண்காட்சியில் அட்டை இருக்கட்டும் என்பதில் நான் மாறவில்லை.

தறிவீட்டுப் பிள்ளை:
அட்டை இருந்தால் பக்கத்தில் நெய்தவர் பெயரும் இருக்கட்டும் சார். தொடக் கூடாது என்று எழுத இடம் இருக்கிறது, யார் செய்தார் என்று எழுத மட்டும் இடம் இல்லையா?