சத்திரத்தைக் கலைக்கூடமாக்க ஆசை. தளத்தை இடிக்கச் சொல்கிறார் காண்ட்ராக்டர்

வெட்டாற்றங்கரை:
திருவாரூர் பக்கம் எங்கள் ஊரில் கொள்ளுத்தாத்தா கட்டிய சத்திரம் ஒன்று இருக்கிறது. வாசலில் நீளத் திண்ணை, நடுவில் முற்றம், பின்கட்டில் சமையல்கூடம். கொஞ்ச காலம் ரேஷன் கடை நடந்தது. அப்புறம் பூட்டுதான். பங்காளிகள் ஒன்பது பேரும் ஊருக்கே விட்டுவிடச் சம்மதித்துவிட்டார்கள் (எனக்கே இன்னும் நம்ப முடியவில்லை). சாயங்காலம் நாகஸ்வரம், தவில் வகுப்பு, பிள்ளைகளுக்கு ஓவியம், வருஷத்துக்கு ஒரு நாடகம் என்று யோசனை.

கூடத்தில் இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. சுவரின் அடிப்பகுதி மூன்றடி உயரத்துக்கு உப்புப் பூத்து உதிர்கிறது. பழைய மேல்தளத்தை இடித்து கான்கிரீட் போட்டு, சுவருக்கு சிமென்ட் பூசினால் ஆறு மாதத்தில் சாவி என்கிறார் காண்ட்ராக்டர். அம்மாவோ, "அந்தத் தளத்துல நெல்லு காயவெச்சோம்டா, அதுக்கு என்ன கேடு?" என்கிறாள். யார் சொல்வதைக் கேட்பது?

காரைவீட்டுக்காரன்:
அம்மா சொல்வதைக் கேளுங்கள். என் அப்பா சுண்ணாம்புக் காரை வேலை பார்த்தவர். நான் சிவில் படித்துவிட்டு அவரிடம் திரும்பப் படித்தேன்.

உங்களுடையது மெட்ராஸ் டெரஸாக இருக்க வேண்டும். தேக்குக் கட்டைகளின் மேல் ஓர் அங்குல மெல்லிய செங்கல்லைக் குத்தாக நிறுத்தி மூலைவாட்டில் அடுக்கியிருப்பார்கள். சென்ட்ரிங் பலகையே வேண்டாம், ஒரு வரிசை அடுத்த வரிசையைத் தாங்கிக்கொள்ளும். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கட்டையால் நாள்கணக்கில் அடித்து, மேலே தட்டை ஓடு பதிப்பார்கள். பெரும்பாலும் கெட்டுப்போவது மேல் ஓடும், சுவருக்குள் புதைந்த கட்டை நுனியும்தான். ஸ்க்ரூடிரைவரால் நுனியைக் குத்திப் பாருங்கள். ஸ்க்ரூடிரைவர் உள்ளே இறங்கினால் கட்டை உளுத்துவிட்டது, அதை மட்டும் மாற்றலாம். சுண்ணாம்பில் கட்டிய சுவர்மேல் கான்கிரீட் போட்டால், அது வெயிலில் நீண்டு சுருங்கும்போது சுவரையும் இழுத்து வெடிக்க வைக்கும்.

அடிச்சுவர் விஷயத்தில் ஒரு கேள்வி: தெருவில் எத்தனை தரம் ரோடு போட்டார்கள்? பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு, தெரு உங்கள் தரையை எட்டியிருக்கும். மழைத்தண்ணீர் அஸ்திவாரத்தில் நின்றால் செங்கல் அதை மேலே உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விடும், சிமென்ட் விடாது. சிமென்ட் பூசினால் மூன்றடி ஈரம் ஐந்தடிக்கு ஏறும், அவ்வளவுதான். முதலில் சுவரோரம் வாய்க்கால் வெட்டி ஒரு மழைக்காலம் பொறுங்கள். பிறகு நீற்றிய சுண்ணாம்பு, மணல், கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் சேர்த்து அரைத்த காரை. ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். செட்டிநாட்டுப் பக்கம் விசாரியுங்கள்.

ஆறு மாதத்தில் சாவி கிடைக்காது. அதை இப்போதே பங்காளிகளிடம் சொல்லிவிடுங்கள், பின்னால் சண்டை வரும்.

திரைக்குப்பின்:
முப்பது வருஷமாக நாடகம் போடுகிறேன். தயவுசெய்து மேடை கட்டாதீர்கள். முற்றம்தான் மேடை, சுற்றி உட்காரும் தாழ்வாரம் இருக்கிறதே. சென்னை விக்டோரியா ஹால் கட்டும்போதே பொது மண்டபம், அதனால்தான் 1891இல் தொடங்கிய சுகுண விலாச சபை அங்கே நாடகம் போட முடிந்தது. உங்களுடையது சத்திரம், அதன் போக்கில் விடுங்கள்.

கலைஞர்கள் கேட்பது வேறு: பெண்கள் உடை மாற்றத் தாழ்ப்பாள் உள்ள அறை, கண்ணாடி, கழிப்பறை. கழிப்பறையைக் கொல்லையில் தனியாகக் கட்டுங்கள். பழைய சுவருக்குள் தண்ணீர்க் குழாய் ஓட வேண்டாம். ஒயருக்கும் சுவரைக் கொத்தாதீர்கள், பைப்பில் வெளியே விடுங்கள். தவில் வகுப்புக்கு முன்னால் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை.

தேக்காவாசி:
சிங்கப்பூரில் ஒரு பழைய துணைமின் நிலையத்தை 1990இல் 'சப்ஸ்டேஷன்' என்ற கலைமையமாக்கினார் நாடகக்காரர் குவோ பாவ் குன். புதிய கலைஞர்கள் பலருக்கு அதுதான் முதல் மேடை. கட்டடம் அவர்கள் கையில் இல்லை, 2021இல் காலி செய்ய வேண்டியதாயிற்று. ஒன்பது பேர் வாய்ச்சொல் போதாது. அறக்கட்டளை பதிந்து, எழுத்தில் வாங்குங்கள். பேரன்கள் காலம் ஒன்று இருக்கிறது.

வெட்டாற்றங்கரை:
எல்லோருக்கும் நன்றி. இன்று ஏணி வைத்துத் தளத்துக்கு ஏறினேன். ஒழுகும் இரண்டு இடத்துக்கும் நேர் மேலே மழைநீர்த் தூம்பு. அதை அடைத்துக்கொண்டு என் முழங்கால் உயரத்துக்கு அரசங்கன்று. கட்டை நுனி ஆறில் ஒன்றில்தான் ஸ்க்ரூடிரைவர் இறங்கியது. தெருவை அளந்தேன்: எங்கள் முதல் படியைக் காணோம், ரோட்டுக்கு அடியில் இருக்கிறது.

காரைவீட்டுக்காரரே, அந்தக் கன்றைப் பிடுங்கலாமா? வேர் தளத்துக்குள் போயிருக்கிறது.

காரைவீட்டுக்காரன்:
பிடுங்காதீர்கள்! செங்கல்லும் சேர்ந்து வரும். அடியோடு வெட்டிவிட்டு, தூம்பை மட்டும் சுத்தம் செய்து வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை நானே வருகிறேன், அம்மாவையும் பார்த்த மாதிரி இருக்கும்.