புதுப்பிப்பு: வளாக வாகனத் தரிப்பிடச் சிக்கல், பாதி தீர்ந்தது

பட்டமளிப்பு நாளில் விருந்தினர் வாகனங்கள் கேற்றடியிலேயே சிக்கி வீதிவரை வரிசை நின்றதை முன்பு புலம்பியிருந்தேன். சரி, நிலவரம் இது.

பெயர் பதியும் மேசைதான் முதல் வில்லன். அதை 50 மீற்றர் உள்ளே தள்ளினோம். வரிசை இப்போது வளவுக்குள் நிற்கிறது. அடுத்தது பாதை. காரை 90 பாகையில் நிறுத்த நடுவில் ஏறத்தாழ 6 மீற்றர் வேண்டும், எங்களிடம் 4 தான். அதனால் 45 பாகையில் சரிவாகக் கோடு கீறி ஒருவழியாக்கினோம். சில இடங்கள் குறைந்தன, ஆனால் முன்னுக்கும் பின்னுக்கும் எடுத்துத் திணறுவது இல்லை. வேப்பமர நிழல் மோட்டார் சைக்கிள்களுக்கு. கார்க்காரருக்கு அதில் கோபம்.

ஒருவழிப் பலகையை மதிக்காதவர்கள் எங்கள் விரிவுரையாளர்கள்தான். காவலாளி அண்ணை சாப்பிடப் போனால் கூம்பையும் நகர்த்திவிட்டு வருகிறார்கள்.