பஞ்சாலைக்காரர் நெஞ்சுக்குக் கிழமை தெரியுமா?

நூல்முனை: பஞ்சுத் தூசியால் வரும் பைசினோசிஸில் திங்கட்கிழமைதான் நெஞ்சு இறுகும், வாரம் போகப்போகத் தணியும் என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். கிழமை பார்த்து வரும் நோயை இன்றுதான் கேள்விப்படுகிறேன். ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு தின்றவனுக்கு மறுநாள் வேலைக்குப் போக மனம் வராது. அதற்கு ஒரு லத்தீன் பெயர் வேறு!

கார்டிங்காரன்: எழுதியவன் நான்தான். கோவையில் 26 வருடம் கார்டிங்கில், அதாவது பஞ்சைச் சீவும் பகுதியில், நின்றவன். லீவு முடிந்து போனால், ஷிப்ட் பாதியிலேயே நெஞ்சில் அம்மிக்கல்லை ஏற்றியது போல இருக்கும். மறுநாள் கொஞ்சம் தேவலை. முற்றிவிட்டால் எல்லா நாளும் அம்மிதான்.

சிங்காநல்லூரான்: எனக்கு வார விடுமுறை புதன்கிழமை. அப்படியானால் வியாழக்கிழமை நோயா?

கார்டிங்காரன்: ஆமாம், வியாழக்கிழமைதான்! இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலைகளில் ஞாயிறு விடுமுறை, அதனால் திங்கள் என்ற பெயர் வந்தது. அங்கே 1950களில் ஷில்லிங் என்ற மருத்துவர் நோயைத் தரம் பிரித்தபோதும் வேலை வாரத்தின் முதல் நாளைத்தான் கணக்கில் வைத்தார்.

சிங்காநல்லூரான்: நேற்று திங்கள், இன்று வியாழன். நாளை?

தறிக்காரி: நூல்முனை அவர்களே, அது லத்தீன் இல்லை. கிரேக்க வேர்.

நூல்முனை: தமிழ் ஆசிரியர் வேலையோடு கிரேக்கமும் எடுத்துக்கொண்டீர்களா? என் அப்பா முப்பது வருடம் ஸ்பின்னிங் மாஸ்டர். ஒரு இருமல் கிடையாது.

கார்டிங்காரன்: மாஸ்டர் கண்ணாடி அறையில் இருந்திருப்பார். பஞ்சுப் பொதியை உடைக்கும் புளோ ரூமிலும் கார்டிங்கிலும் நின்று பார்த்திருக்க வேண்டும். பஞ்சோடு வரும் சருகுத் தூளில் பாக்டீரியா நச்சு ஒட்டியிருக்கிறது. அமெரிக்காவில் 1978லேயே நூற்புப் பகுதிக்கு, ஒரு கன மீட்டர் காற்றில் 200 மைக்ரோகிராம் தூசிதான் என்று வரம்பு வைத்தார்கள்.

நூல்முனை: என் அப்பாவை இழுக்காதீர்கள்.

கார்டிங்காரன்: இழுத்தது நீங்கள்.

பழையமில்: வெல்லம் தின்றால் தூசி வயிற்றோடு போய்விடும். எங்கள் மில்லில் கொடுத்தார்கள்.

கார்டிங்காரன்: வெல்லம் போகிற வழி வேறு, மூச்சு போகிற வழி வேறு. எனக்கும் கொடுத்தார்கள், சர்க்கரை வியாதிதான் மிச்சம். எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது, பீடியை விடு என்றார் மில் டாக்டர். நான் பீடியைத் தொட்டதே இல்லை. இந்த நோய் எக்ஸ்ரேயில் தனி அடையாளம் காட்டாது. ஷிப்டுக்கு முன்னும் பின்னும் ஊதவைத்து மூச்சின் அளவைப் பார்க்க வேண்டும். 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே பைசினோசிஸ் இருந்தது. கண்டுபிடித்த டாக்டர் அரசுக்கு அறிவிக்க வேண்டும். கண்டுபிடித்தால்தானே!

தறிக்காரி: பீடி பிடிக்கிறவர்களுக்கு இது இன்னும் மோசமாகும் என்பதையும் சொல்லுங்கள்.

நூல்முனை: ஆக, பீடிதான் காரணம். நன்றி.

தறிக்காரி: நான் அப்படியா சொன்னேன்?

சிங்காநல்லூரான்: சட்டம், வெல்லம், பீடி எல்லாம் இருக்கட்டும். திங்களா வியாழனா?

கார்டிங்காரன்: உங்களுக்கு எப்போது லீவு?

சிங்காநல்லூரான்: கேள்விக்குக் கேள்வி பதில் ஆகாது.